படியளந்த கைகளும் பெயர் எழுதிய கையும்

(பள்ளிக்கூடம் என்னும் சிறு சமுதாயத்தின் கதை)



மலர்க் குழுவினர் "கல்லூரி நினைவுகள்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் ஹாஸ்டல் சாம்பார், மரத்தடி அரட்டை, பரீட்சைக்கு முந்தின ராத்திரி டீ எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரிலேயே பலர் இருக்கிறார்கள். நானோ வரலாறு படித்து, வரலாறு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன். ஆகவே நாம் இந்தக் கல்லூரிக்கு வருமுன் பத்துப் பதினோரு வருஷம் குடியிருந்த இன்னொரு இடத்தைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அதுதான் பள்ளிக்கூடம். அங்கே நான் தீர்க்காமல் விட்டு வந்த கணக்கு ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுதாத டைம்டேபிள்

பள்ளிக்கூடம் என்றால் என்ன? வாத்தியார் பாடம் நடத்துகிற இடம் என்று சொல்லிவிடலாம். சமூகவியல் படித்தவர்கள் அதோடு விடமாட்டார்கள். அமெரிக்காவில் வில்லார்ட் வாலர் என்பவர் 1932-ல் எழுதிய நூலில், பள்ளிக்கூடம் தனக்கென்று சட்டதிட்டங்களும் பழக்கவழக்கங்களும் சண்டை சச்சரவுகளும் உள்ள ஒரு தனிச் சமுதாயம் என்று காட்டினார். 1968-ல் பிலிப் ஜாக்சன் என்ற கல்வியாளர், புத்தகத்தில் இருக்கும் பாடத்தோடு மறைந்து நிற்கும் இன்னொரு பாடத்தையும் பிள்ளைகள் தினமும் கற்றுக்கொள்கிறார்கள் என்றார். காத்திருக்கக் கற்பது, வரிசையில் நிற்கக் கற்பது, யாருக்குப் பணிய வேண்டும் என்று கற்பது எல்லாம் அந்தப் பாடத்தில் அடங்கும்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நான் படித்த கிராமத்துப் பஞ்சாயத்து யூனியன் பள்ளியையே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு 1966-67, ஐந்தாம் வகுப்பு. சுவரில் ஒட்டிய டைம்டேபிளில் தமிழ், கணக்கு, வரலாறு என்று இருந்தது. ஆனால் எங்கும் எழுதாத டைம்டேபிள் ஒன்றும் இருந்தது. எந்தத் தெருப் பிள்ளைகள் முன்னால் உட்காருவது, எந்தத் தெருப் பிள்ளைகள் வாசல் ஓரம் உட்காருவது என்பது அதில் இருந்தது. தண்ணீர்ப் பானையில் யார் தானே மொண்டு குடிக்கலாம், யாருக்கு இன்னொருவன் மேலேயிருந்து கையில் ஊற்ற வேண்டும் என்பதும் இருந்தது. ஹெட்மாஸ்டர் இல்லாதபோது கரும்பலகையில் பெயர் எழுதுகிற உரிமை யாருக்கு என்பதும் இருந்தது. இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெயர் எழுதுகிற உரிமை என்னிடம் இருந்தது. நான்தான் வகுப்பு லீடர்.

இந்த எழுதாத டைம்டேபிளை எழுதியது யார்? எப்போது எழுதினார்கள்? அதில் எது மாறியது, எது மாறவில்லை? இந்தக் கேள்விகளோடு இருநூறு வருஷத்துக் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துக்கு யார் படியளந்தார்களோ அவர்களைப் பொறுத்தே உள்ளே யார் எங்கே உட்காருவது என்பது முடிவாயிற்று. நான் கண்ட உண்மை இது. கட்டுரை முழுவதும் இந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் போகப் போகிறேன்.

திண்ணையில் சட்டாம்பிள்ளை

சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள், எந்த எந்த ஜாதிப் பிள்ளைகள், எத்தனை ஆண், எத்தனை பெண் என்று கலெக்டர்கள் எழுதி அனுப்ப வேண்டும். 1826-ல் கூட்டிப் பார்த்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். வெள்ளைக்காரன் வருமுன் இங்கே படிப்பே இல்லை என்று சொல்வது எவ்வளவு தவறோ, எல்லோரும் படித்தார்கள் என்று சொல்வதும் அவ்வளவு தவறு என்பதை இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே சொல்கின்றன.

அந்தப் பள்ளிகளில் மிகுதியானவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். ஒரே வாத்தியார், அண்ணாவி என்று அழைப்பார்கள். தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகியபின் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அறுபது பிள்ளைகளை ஒரே ஆள் எப்படிச் சமாளிப்பது? அதற்குத்தான் சட்டாம்பிள்ளை. மூத்தவன், ஓரளவு படித்தவன், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். வராதவனைப் பிடித்து வருவான். யார் என்ன சேட்டை செய்தான் என்று அண்ணாவியிடம் சொல்வதும் அவன்தான். இன்றைக்குச் சில ஊர்களில் அதிகாரம் பண்ணுகிற ஆளைப் பார்த்து "என்ன, பெரிய சட்டாம்பிள்ளையா?" என்று கேட்கிறார்களே, அது அங்கேயிருந்து வந்ததுதான்.

அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரி ஜில்லாவின் கலெக்டர் காம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில் ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாவதாக வருபவனுக்கு மெதுவாக ஓர் அடி, நாலாவது பையனுக்கு இரண்டு அடி என்று கூடிக்கொண்டே போகும். இதை நான் முதன்முதலில் படித்தபோது நூலகம் என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். வீட்டில் வேலை இல்லாத பையன்தானே முதலில் வர முடியும்? ஆடு மாட்டை அவிழ்த்து விட்டு, தம்பி தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறவன் எப்போதும் கடைசியில்தான் வருவான். ஆக, அடியின் எண்ணிக்கையை அண்ணாவி தீர்மானிக்கவில்லை. அவனவன் வீடு தீர்மானித்தது. ஒரு சின்ன விதி ஊரின் ஏற்றத்தாழ்வை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறது பாருங்கள்.

அண்ணாவிக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம் அல்ல, பெற்றோர்கள். காசாகவும் தானியமாகவும் கொடுத்தார்கள். அவர் நல்ல மனுஷராகவே இருக்கட்டும், ஊரார் வேண்டாம் என்கிற பிள்ளையைத் தம் திண்ணையில் ஏற்றினால் மறுநாள் அவர் வீட்டு அடுப்பு எரியாது. படியளக்கிற கை ஊரின் கையாக இருந்தவரை, பள்ளிக்கூடமும் ஊரின் நிழலாகத்தான் இருக்க முடிந்தது.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

சட்டாம்பிள்ளை முறை கப்பலேறிப் போன கதை உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். இதையே நம் பள்ளியிலும் செய்யலாமே என்று அவர் சொன்னபோது, அங்கிருந்த ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக் கொடு" என்று ஆரம்ப வகுப்பை ஒப்படைத்தார். வேலை நடந்தது. இன்னும் சில பையன்களை இப்படியே நியமித்தார்.

1796-ல் ஊர் திரும்பிய பெல், அடுத்த வருஷமே லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அங்கே ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற முறையை நடத்த, ஒரே ஒரு வாத்தியாரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பள்ளிகள் இங்கிலாந்திலும் பல நாடுகளிலும் பெருகின. பெல்லின் முறைக்கு "மெட்ராஸ் சிஸ்டம்" என்றே பெயர். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் "மெட்ராஸ் காலேஜ்" என்றுதான் பெயர்.

நாம் பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் கூடவே இதையும் கவனிக்க வேண்டும். ஒரு முறை இடம் மாறும்போது அதன் குணமும் மாறிவிடுகிறது. திண்ணையில் சட்டாம்பிள்ளை பெரும்பாலும் தெரிந்த வீட்டுப் பிள்ளை; அவன் அதிகாரத்துக்கு ஊரின் பழக்கம் எல்லை போட்டது. இங்கிலாந்தின் பெரிய கூடங்களில் அதே ஏற்பாடு மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்காரும் ஆலை போல ஆயிற்று. பிள்ளையே பிள்ளையைக் கண்காணிக்கிறான் என்பது மட்டும் இரண்டு இடத்திலும் மாறவில்லை. இது மலிவான ஏற்பாடு. அதனாலேயே நீடித்தது. என் கையில் சாக்பீஸ் வந்து சேர்ந்ததும் இந்த வழியாகத்தான்.

இன்ஸ்பெக்டர் வருகிறார்

1854-ல் லண்டனிலிருந்து வந்த உட்ஸ் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை தரும் முறையைக் கொண்டுவந்தது. அதுதான் கிராண்ட். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் பிறகு சென்னை மாகாணத்தில் "ரிசல்ட் கிராண்ட்" என்ற முறை பல காலம் நடந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பரீட்சை செய்வார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்குத் தக்கபடி பள்ளிக்குப் பணம்.

படியளக்கிற கை மாறியது. உடனே பள்ளிக்குள்ளே எல்லாம் மாறியது. அதுவரை வாத்தியாரின் கண் ஊர்ப் பெரியவர்கள் மேல் இருந்தது. இப்போது இன்ஸ்பெக்டர் மேல் திரும்பியது. தேறக்கூடிய பையன் வாத்தியாருக்கு வரவு, தேறாத பையன் செலவு. மக்குப் பையன் என்றொரு இனத்தை உண்டாக்கியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆனால் இதில் ஒரு நன்மையும் இருந்தது. பணத்தின் ஒரு பகுதி வெளியேயிருந்து வந்ததால், ஊர் தடுத்தாலும் பள்ளியைத் திறந்து வைக்க ஒரு வழி பிறந்தது.

1911-ல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. நம் காலத்தவர்கள் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். பிறந்த தேதி, அங்க அடையாளம், மார்க், ஹெட்மாஸ்டர் கையெழுத்து. ஒருவன் யார் என்பதை ஊர் சொன்ன காலம் போய், பள்ளிக்கூடம் எழுதிக் கொடுக்கிற காலம் வந்துவிட்டது. "எங்க அப்பாவுக்குப் பிறந்த நாளே தெரியாது, ஹெட்மாஸ்டர்தான் ஜூன் மாசம்னு போட்டுட்டாரு" என்று சிரிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

பள்ளிகள் அக்ரகாரத்திலும் சாவடியிலும் கோயில் மண்டபத்திலும் நடந்தவரை, அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாத பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைவது எப்படி? தியசாபிகல் சங்கத்தின் கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாறு பக்கத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். கிறிஸ்தவ மிஷன்களும் இத்தகைய பள்ளிகளை நடத்தின. அரசாங்கத்திலும் பேசுவதற்குக் குரல்கள் எழுந்தன. ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி. ராஜா, சென்னை சட்டமன்றத்தில் ஆதி திராவிட மக்களின் பிரதிநிதியாக அமர்ந்து கல்விக்காகத் தொடர்ந்து வாதாடினார். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசாணைகள் வந்தன.

ஆணை வந்துவிட்டது. கதவும் திறந்துவிட்டது. ஆனால் நான் முன்பே சொன்ன வாசல் ஓரம் இருக்கிறதே, அது அங்கேயேதான் இருந்தது. உள்ளே வரலாம், ஆனால் ஓரமாக. தண்ணீர் குடிக்கலாம், ஆனால் கையேந்தி. சட்டம் வாசற்படி வரை வந்து நின்றுகொண்டது. அதற்கப்பால் வேறொன்று வர வேண்டியிருந்தது.

சோறு செய்த வேலை

வந்தது சோறு.

1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக சர் பிட்டி தியாகராயர் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர முடிவாயிற்று. நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு கூடாது. வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய அந்தத் திட்டம், செலவுக்கு ஆட்சேபம் எழுந்து 1925-ல் தடைப்பட்டது. ஆனாலும் பசிக்கும் படிப்புக்கும் உள்ள முடிச்சை முதலில் அவிழ்த்துக் காட்டிய பெருமை அதற்கு உண்டு.

பிறகு 1953. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது அரைநாள் பள்ளி, மீதி நாள் வீட்டுத் தொழில் என்று ஆரம்பக் கல்வியை மாற்றி அமைத்தார். இருக்கிற பள்ளியில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது ஆதரித்தவர்களின் வாதம். அப்பன் தொழிலே மகனுக்கு என்று ஆகிவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். பெரியாரும் தி.மு.க.வினரும் "குலக்கல்வி" என்று பெயரிட்டுப் போராடினார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. நாடே கொந்தளித்தது வெறும் அரைநாள் கணக்குக்காக அல்ல. ஊரின் ஏற்பாட்டைப் பள்ளிக்கூடம் அப்படியே காப்பாற்ற வேண்டுமா, அதைக் கலைக்க வேண்டுமா என்பதுதான் அங்கே நடந்த வழக்கு.

காமராஜர் தம் பதிலைச் சோற்றால் சொன்னார். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு உடன் நின்றார். 1956-ல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊர் மக்களின் பிடியரிசியையும் நன்கொடையையும் நம்பியே நடந்தது. அரசு பங்கு சேர்த்தது. அறுபதுகளில் அமெரிக்காவின் கேர் நிறுவனம் அனுப்பிய மக்காச்சோள மாவும் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனை இந்தக் கட்டுரையைப் படிக்கும் சிலருக்கு இப்போதே மூக்கில் ஏறியிருக்கும்!

இப்போது என் பள்ளிக்குத் திரும்புகிறேன். வகுப்பில் எங்களுக்கு இரண்டு வரிசை. சாப்பாட்டுக்கு ஒரே வரிசை. ஆயாம்மா ஒருத்திதான், அண்டாவும் ஒன்றுதான், யார் முன்னால் வந்தார்களோ அவர்கள் முன்னால் தட்டை நீட்டுவார்கள். சில வீட்டார் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என் அம்மாவும் ஆரம்பத்தில் அப்படித்தான். பிறகு நானே ஒருநாள் தட்டோடு போய் நின்றேன். காரணம் சமத்துவம் எல்லாம் இல்லை. உப்புமா ருசியாக இருக்கிறது என்று பையன்கள் சொன்னதுதான்! ஆனால் அந்த வரிசையில்தான் வாசல் ஓரத்துப் பையன் ஒருவனுக்கு அடுத்து நான் முதன்முதலாக உட்கார்ந்தேன். ஆணைகள் நாற்பது வருஷமாகச் செய்யாததை ஒரு கரண்டி செய்தது.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கட்சிகள் வேறு, காலம் வேறு. படியளக்கிற கையை ஊரிடமிருந்து எடுத்துப் பொதுவில் வைத்தது ஒன்றுதான்.

மாறாத கை

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? இங்கேதான் என் கணக்கைச் சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன வாசல் ஓரத்துப் பையன் தினமும் தாமதமாக வருவான். அம்மா நடவுக்குப் போய்விடுவாள், கைக்குழந்தைத் தங்கையைப் பாட்டி வரும்வரை அவன்தான் வைத்திருக்க வேண்டும். லீடரான நான் கரும்பலகையில் "தாமதம்" என்று தலைப்புப் போட்டு அவன் பெயரை எழுதுவேன். சார் வந்ததும் பெயருக்கு ஓர் அடி. பெல்லாரி கலெக்டர் எழுதியது எனக்கு ஏன் மனசில் தைத்தது என்று இப்போது புரிகிறதா?

ஒருநாள் அவனிடம் ஒரு புதுப் பலப்பம் இருந்தது. கேட்டேன். தரமாட்டேன் என்றான். மறுநாள் அவன் மணி அடிக்குமுன்பே மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தான். நான் பெயரை எழுதினேன். "டேய், நான் பெல்லுக்கு முந்தியே வந்துட்டேன்டா" என்றான். சார் கேட்டபோது வகுப்பில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. லீடர் சொன்னால் சொன்னதுதான். இரண்டு அடி விழுந்தது, ஒன்று தாமதத்துக்கு, ஒன்று பொய் சொன்னதற்கு. பத்து நாள் கழித்து அவன் நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்று யாரும் கேட்கவில்லை. அட்டென்டன்ஸில் சில நாள் கோடு விழுந்தது, பிறகு பெயரே இல்லை.

நான் கெட்ட பையன் என்று சொல்லிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. ஒன்பது வயதுப் பையனுக்குப் பலப்பம் பெரிய விஷயம்தான். ஆனால் பலப்பத்துக்காக வந்த கோபத்தை இரண்டு பிரம்படியாக மாற்றித் தருகிற ஓர் ஏற்பாடு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் வாசல் ஓரத்துப் பிள்ளையாக இல்லாவிட்டால் வகுப்பில் யாராவது ஒருவன் "ஆமா சார், முந்தியே வந்தான்" என்று சொல்லியிருப்பான். சோற்று வரிசை மாறியது, சாட்சி சொல்லும் வரிசை மாறவில்லை. பள்ளிக்கூடம் ஒரு சமுதாயம் என்று சொல்கிறோமே, அதன் பாரம் இதுதான்: அதில் யாரும் வெறும் பார்வையாளன் இல்லை. எழுதியவனுக்கும் பங்கு, அடித்தவருக்கும் பங்கு, பேசாமல் இருந்த முப்பது பேருக்கும் பங்கு.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளிகளில் சாதி வேற்றுமையைப் போக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கையின் பரிந்துரைகள் சிலவற்றைக் கேளுங்கள்: பள்ளிகளின் பெயரில் சாதி ஒட்டு கூடாது, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும்.

கடைசிப் பரிந்துரையைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ ஆணைகளுக்குப் பிறகும், யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. அந்த எழுதாத டைம்டேபிளை மேலேயிருந்து வரும் ஆணை மட்டும் அழிக்காது. அதைத் தினமும் காலையில் திரும்ப எழுதுகிறவர்கள் உள்ளே இருக்கிற நாமேதான்.

அழைப்பிதழ் போகாத இடம்

1978-ல் பிளஸ் டூ வந்து, கல்லூரியில் இருந்த பி.யூ.சி. பள்ளிக்குப் போயிற்று. அதற்கு முன் வந்த எங்கள் செட்டுக்குக் கல்லூரியின் முதல் வருஷம் பி.யூ.சி.தான். அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன் வந்து சேர்ந்தேன். என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களில் வேறு யாரும் வரவில்லை. முன்னாள் மாணவர் சங்கம் என்றால் வந்து சேர்ந்தவர்களின் சங்கம். வழியிலேயே நின்றவர்களுக்குச் சங்கமும் இல்லை, மலரும் இல்லை.

சென்ற ஆண்டு, நம் சங்கக் கூட்டத்துக்காகக் கல்லூரிக்கு வந்தபோது, கேட்டருகே டீக்கடையில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, தோளில் துண்டு. அருகே புத்தகப் பையோடு ஒரு பெண். "நீ இன்னார் மகன்தானே?" என்றார். குரலில் அடையாளம் தெரிந்தது. பேத்தி இங்கே பி.எஸ்ஸி. படிக்கிறாளாம். அரசுப் பள்ளியில் படித்து வந்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதாம். "பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அதுவே ஆகுதுப்பா" என்றார். டீ சொன்னேன். என்னென்னவோ பேசினோம். எழும்போது அவர் தோளைத் தட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கு நான் பெல்லுக்கு முந்தியே வந்துட்டேன், தெரியும்ல?"

"தெரியும்" என்றேன். ஐம்பத்தெட்டு வருஷம் கழித்துச் சாட்சி சொன்னேன்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது இந்த மலரைப் படித்தால் புரிந்துகொள்வாள்.

நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் நம் பெயரும் ஊரும் போன் நம்பரும் இருக்கின்றன. அவரவர் வீட்டுக்குப் போனதும் இன்னொரு பட்டியல் எழுதிப் பாருங்கள். உங்கள் ஐந்தாம் வகுப்பில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், யார் எப்போது நின்றார்கள், ஏன். நினைவில் இருப்பதை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினால் அடுத்த மலருக்குள் நம் வட்டாரப் பள்ளிகளின் உண்மையான வரலாறு ஒன்று சேர்ந்துவிடும். எந்த ஆவணக் காப்பகத்திலும் அது கிடைக்காது.

இளவல்களே, நீங்கள் நாளைக்கு வாத்தியாராகவோ அதிகாரியாகவோ பெற்றோராகவோ ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போவீர்கள். கட்டடம் எப்படி, கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கரும்பலகையின் ஓரத்தில் ஏதாவது பெயர் எழுதியிருந்தால், எழுதிய கை யாருடையது என்று கேளுங்கள். அந்தப் பெயருக்கு உரியவன் மணி அடிக்குமுன்பே வந்திருக்கவும் கூடும்.

— ஒரு முன்னாள் மாணவர்
(பி.யூ.சி. 1973-74, பி.ஏ. வரலாறு 1974-77)